ஹேவாஹெட்ட நேரம்

1.

இந்தக் கதை ஒரு நன்றியிலிருந்து தொடங்கியது. சென்ற மாதம் என்னோடு முன்பு வேலைசெய்த அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் பேசினார், பதினைந்து வருடங்களுக்கு மேல் கழித்து.

"தம்பி, அந்த நேரம் எல்லாரும் ஒளிச்சிட்டினம். நீர் ஒருத்தர்தான் கடதாசியைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போனனீர். சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்."

"அதெல்லாம் பரவாயில்லங்க அண்ணே," என்றேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டார். கதை எழுதுகிறேன் என்றேன். எழுதினதும் அனுப்பச் சொன்னார். அனுப்புவதாகச் சொல்லிவிட்டேன். அந்த வாய்க்கொழுப்புக்குத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: "மலைகளின் மேல் பனி மெல்ல இறங்கி" (வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

இரண்டாவது: "சேர், அந்த மணிக்கூடு" (இதுவும் வேண்டாம். இது வேறிடத்தில் வரவேண்டும். வருமா என்று தெரியவில்லை.)

மூன்றாவது தொடக்கத்தில் அழகு கிடையாது, தகவல் மட்டும்தான். 2008. கண்டியில் ஓர் இரத்தப் பரிசோதனை நிறுவனம். மடவளையிலும் ஹேவாஹெட்டயிலும் அதற்குக் கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு சேர்வர் கணினி. அதன் முன்னால் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தார், என்ன செய்தார் என்பதை அந்தந்த சேர்வர் வரிவரியாக எழுதிவைக்கும். அதை லொக் என்போம். எல்லாக் கிளைகளின் லொக்குகளையும் கண்டிக்கு இழுத்து, நேர வரிசையில் ஒரே கோப்பாக அடுக்குவது என் வேலை. அதற்கு நானே ஒரு நிரல் எழுதியிருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

3.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லாவிட்டால் நீங்கள் தொலைந்துபோவீர்கள். 2006 ஏப்ரலில் நாட்டின் நேரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளினார்கள். எல்லாச் சேர்வர்களையும் மாற்றினோம், ஹேவாஹெட்டயைத் தவிர. அதை மாற்றவேண்டியவன் நான்தான். அந்த மலைமேல் ஏறிப்போக அலுப்பு. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இரண்டு வருடம் ஓட்டினேன்.

அது அலுவலகத்தில் பகிடியாகிவிட்டது. நாலரைக்கே பையைத் தூக்குகிறவர், "ஹேவாஹெட்ட நேரத்துக்கு அஞ்சு மணியாச்சு, நாங்க போறோம்" என்பார். லொக்கைப் பார்க்கும்போது எங்கள் கண் தானாகவே அரை மணியைக் கழித்துவிடும்.

4.

அம்பிகைபாகனை முதல் வரைவில் நல்லவராக எழுதிவிட்டேன். அடித்துவிட்டேன். உண்மையில் அவர் ஒரு கரைச்சல். என் தமிழைத் திருத்துவார். சொந்தக் குவளை இல்லாமல் தேநீர் குடிக்கமாட்டார். ஆனால் இயந்திரம் பழுதென்றால் எந்த மலைக்கும் முகம் சுளிக்காமல் ஏறுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஏறினார். ஹேவாஹெட்டயில் நண்பகலிலிருந்து மின்சாரம் இல்லை. காத்திருந்து, மின்சாரம் வந்ததும் நாலு பத்துக்குச் சேர்வருக்குள் நுழைந்தார். அன்று மூன்றரைக்குக் கண்டி பஸ் நிலையத்தில் ஒருவன் ஒரு பஸ்ஸுக்குள் குண்டுப் பார்சல் ஒன்றை வைத்துவிட்டு இறங்கி ஓடினான்; வெடிக்குமுன் அது அகப்பட்டது. மறுநாள் விடிய, யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு கண்டி வாடகை அறையில் இருந்த அவரைப் பொலிசார் கொண்டுபோனார்கள்.

(ஹேவாஹெட்டக் கிளையில் கூட்டித் துடைக்கும் பாலம்மா சாட்சி சொல்ல வந்தார். "ரெண்டு மணிக்கு நான்தாங்க அவருக்குச் சாயத்தண்ணி ஊத்திக் குடுத்தேன்," என்றார். அவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.)

மனிதர் சொல்லை எடுக்காவிட்டால் இயந்திரம் சொல்லட்டும் என்று நான் லொக்கை அச்சிட்டேன். அம்பிகைபாகன், ஹேவாஹெட்ட, 4.40. என் கண் வழக்கம்போல அதை நாலு பத்து என்றே வாசித்தது.

5.

பொலிஸ் நிலைய வாசலில் போட்டிருந்த மர வாங்கில் அவருடைய மனைவி இரஞ்சிதம் உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்ததும் எழும்பிவிட்டார். நான் உள்ளே போனேன்.

அதிகாரி என் அடையாள அட்டையை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். தாளை வாசித்தார். பேச்சு சிங்களத்தில். நான் தமிழில் தருகிறேன்.

"பார்சல் மூன்றரைக்கு. இவர் ஹேவாஹெட்டயில் நாலு நாற்பதுக்கு. எழுபது நிமிடம். பஸ்ஸில் போய்விடலாம்தானே?"

அப்போதுதான் அந்த எண்ணை அது எழுதியிருந்தபடியே பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் எந்த பஸ்ஸும் அந்த மலை ஏறாது. எழுபதில் ஏறும்.

"சேர், அந்த மணிக்கூடு" என்று தொடங்கினேன்.

"மணிக்கூடு?"

(இங்கே ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அதில் என் பயத்தை நியாயப்படுத்தியிருந்தேன். மணிக்கூடு பிழை என்றால் அப்போ பொய்த் தாளா கொண்டுவந்தாய் என்று கேட்பார், நானும் தமிழன், வீட்டில் அம்மா தனி. எல்லாம் உண்மைதான்.)

"ஒன்றுமில்லை சேர்," என்றேன். அட்டையைத் திருப்பித் தந்தார். தாளைக் கோப்புக்குள் வைத்தார்.

வெளியே இரஞ்சிதம் கேட்டார், "கடதாசியைக் குடுத்திட்டீங்களோ? இனி விட்டிடுவினம், என்ன?"

"விட்டுருவாங்க அக்கா."

பதினான்கு மாதம் வைத்திருந்தார்கள். தாள் இல்லாவிட்டாலும் வைத்திருப்பார்கள் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். ஆனால் தாளைக் கொடுத்தது நான்.

அடுத்த வாரமே ஹேவாஹெட்ட போய் மணிக்கூட்டைத் திருத்தினேன். ஐந்து நிமிட வேலை.

6.

முடிவுகள் சிலது எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் மறுநாள் திருத்திய தாளோடு திரும்பிப் போகிறேன். படிக்க நன்றாகவே இருந்தது, அழித்துவிட்டேன். இன்னொன்றில் அம்பிகைபாகன் இதையெல்லாம் படித்துவிட்டு மன்னிக்கிறார். அதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

கதை அவருக்குப் போகத்தான் போகிறது. அதற்குமுன் ஒரே ஓர் உதவி கேட்கிறேன். ஐந்தாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். மேசைக்கு அந்தப்பக்கம் அதிகாரி. உங்கள் அடையாள அட்டை அவருடைய கைக்குக் கீழே இருக்கிறது. வாசலில் ஒரு பெண் எழும்பி நிற்கிறார். சிங்களத்தில் சொல்லவேண்டும், ஒரு வாக்கியம் போதும். தொடக்கத்தை நான் எழுதித் தருகிறேன்:

"சேர், அந்த மணிக்கூடு