சூட்டுக்கு விடாத இடம்

மாப்பிள்ளை வருவதற்கு முன்பே அவருடைய வண்டியின் ஓசை வந்துவிடும். பெருஞ்சாலைத் திருப்பத்தில் அவர் கியரைக் குறைக்கும்போது, முதலில் அதைத் தரை அறியும். அடுத்து, பட்டறைச் சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள் அறிந்து மெல்ல நடுங்கும். காதுக்கு எட்டுவது அதற்கும் பிறகுதான். தொலைவானில் கருமேகம் தொண்டையைச் செருமிக்கொள்வது போன்ற அந்த ஓசையை ஆக்கிக் கொடுத்தவன் வெல்டர். மாப்பிள்ளை அவனுடைய ஒரே தங்கையின் கணவர்.

"உங்க மாப்பிள்ளைக்குக் காலிங்பெல்லே தேவையில்லண்ணே," என்பார் பக்கத்து டயர்க்கடைக்காரர். "இங்க திரும்புனா அங்க வீட்ல கதவு தொறந்துரும்."

எட்டு மாதங்களுக்கு முன் நடந்த வேலை அது. அகன்ற ஹேண்டிலும் தாழ்ந்த இருக்கையுமாகக் காட்டெருமை போல நின்ற புது வண்டியைக் கொண்டுவந்து, "இவ்ளோ பெரிய உடம்பு, பூனை மாதிரி கத்துது மச்சான். குரலை மாத்திக் குடுங்க," என்றார் மாப்பிள்ளை. வெல்டர் சைலன்சரின் பின்மூடியை அறுத்தான். உள்ளே இருந்த தடுப்புத் தகடுகளைப் பெயர்த்தான். துளையிட்ட குழாயைப் பெரிதாக்கி, நீளத்தைக் கூட்டி, அதிர்வு சென்று தங்கித் திரும்ப ஓர் அறை அமைத்தான். ஒவ்வொரு பற்றவைப்புக்கும் பிறகு ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக் கேட்டு, மறுபடி அறுத்தான். நான்காம் நாள் மாலை அந்தக் குரல் பிறந்தபோது அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. முழவு ஒன்றைத் தன் கையால் செய்துவிட்டதைப் போன்ற பெருமிதம்.

அந்த வேலை முடியும் முன் ஒருநாள் தங்கை தன் மகளோடு பட்டறைக்கு வந்திருந்தாள். வண்டியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், "அண்ணா, இன்னும் கொஞ்சம் தூரம் கேக்கற மாதிரி பண்ண முடியுமா?" என்றாள்.

"ஏன், உன் வீட்டுக்காரர் வர்றது ஊருக்கே தெரியணுமா?"

"ஊருக்கு எதுக்கு? எனக்குத் தெரிஞ்சா போதும்."

அவள் சிரித்தாள், அவன் சிரித்து முடித்த பிறகு. அந்தத் தாமதத்தை அவன் கவனிக்கவில்லை. பன்னிரண்டு வருடம் ஆகியும் கணவனின் வருகைக்குக் காது கொடுத்து நிற்கும் அன்பு என்று எண்ணி நெகிழ்ந்தான். டயர்க்கடைக்காரரிடம் அதைச் சொல்லியும் மகிழ்ந்தான். இரும்பில் மயிரிழை விரிசலை விரல் நுனியால் கண்டுகொள்பவன், உடன்பிறந்தவளின் குரலில் இருந்ததைக் காணவில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன்புதான் கண்டான். தங்கை வீட்டுச் சமையலறை ஜன்னலின் கொண்டி உடைந்திருந்தது. ஒரு பிற்பகல் அதைச் சரிசெய்யப் போயிருந்தான். அந்த வீடு, பட்டறையைத் தாண்டி, ரயில் பாலத்தின் அடியில் நுழைந்து, ஒரு மேட்டில் ஏறி, நீண்ட சரிவில் இறங்கினால் வரும் கடைசி வீடு. திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தபோது பாலத்தின் அடியிலிருந்து அந்த முழக்கம் எழுந்தது. வீடு முழுதும் ஒரு கணம் மூச்சடக்கியது. தங்கை கையிலிருந்த செல்போனை அணைத்து மாவு டப்பாவுக்குள் புதைத்தாள். மேசையில் இருந்த கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் தள்ளினாள். முழங்கை வரை ஏற்றிவிட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். அதற்குள் அவன் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டான்: முன்கையில் நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும், பழுத்த நாவல் நிறத்தில்.

பத்து வயது மருமகள் வண்ணப் பென்சில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, பேருந்து வரும் நேரத்தைச் சொல்பவளைப் போலச் சொன்னாள்: "மாமா, மூணு நிமிஷம் இருக்கு. நீங்க பின்வாசல் வழியாப் போயிடுங்க. கேட்டைச் சாத்தாதீங்க, சத்தம் வரும்."

அன்று முதல் அந்த ஓசையைக் கேட்கும்போதெல்லாம் வெல்டர் கைவேலையை நிறுத்திவிட்டு நிமிடங்களை எண்ணினான். தன் கைவண்ணத்தின் சிறப்பு, தங்கைக்கு மூன்று நிமிடம். அவ்வளவுதான் அதன் பொருள்.

அரிசிப் பானைக்கு அடியில் போன கடிதம், தொலைவில் ஓர் ஊரின் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலைக்கு வந்த உத்தரவு. தங்குவதற்கு அறையும் உண்டு. மகளின் கடைசிப் பரீட்சை வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. ஒரு மணிக்கு, வீட்டின் பின்புறக் கால்வாய்க் கரையின் முனையில் வாடகைக் கார் நிற்கும். புதிய முகவரியை ஓர் அட்டைத் துண்டில் எழுதி அண்ணனிடம் கொடுத்திருந்தாள் தங்கை. அது அவன் மேசை டிராயரில், வெல்டிங் ராடுகளுக்கு அடியில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, ஸ்பேனர்கள் நடுங்கின. மாப்பிள்ளை வந்தார்.

அவர் உரத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். தலைமுடி கலைந்து யாரும் பார்த்ததில்லை. உள்ளே வந்ததும், கோணலாகத் தொங்கிய ஒரு ஸ்பேனரை நேராக்கினார்.

"என்ன மச்சான், வேலை மும்முரமா?"

"வாங்க மாப்பிள்ளை. தங்கச்சி, பாப்பா எல்லாம் நல்லாருக்காங்களா?"

"நல்லாத்தான் இருக்காங்க. ரொம்ப நல்லா இருக்காங்க. நான் போறப்பல்லாம் வீடு துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. ஆத்தா ஒரு பக்கம், மக ஒரு பக்கம், ரெண்டு பேரும் பொம்மை மாதிரி நிக்கிறாங்க." சிரித்தார். "ஒரு வீடு எப்பவுமே அப்படி இருக்குமா மச்சான்? எனக்கு யோசனையாவே இருந்துச்சு. நேத்துதான் புரிஞ்சுது." வண்டியின் பக்கம் தலையசைத்தார். "இது முந்திக்குது."

வெல்டர் வண்டியின் பின்பக்கம் குனிந்தான். "சத்தத்தைக் குறைச்சிடவா மாப்பிள்ளை? பழைய தகட்டை..."

"சேச்சே! இந்தச் சத்தத்தை விட்டுக் குடுப்பனா? ரோட்டுல நாலு பேர் திரும்பிப் பாக்கறாங்க." ஹேண்டிலின் இடப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "இங்க ஒரு சின்ன லிவர். இழுத்தா அடங்கணும், விட்டாக் கத்தணும். உள்ள ஒரு தகடு வச்சு, கேபிள் போட்டு... செய்வாங்களாமே? பாலத்துக்கிட்ட வரும்போது அடக்கிட்டா, வாசல்ல போய் நிக்கிறவரை ஒருத்தருக்கும் தெரியாது. ஒருநாள் வேளை கெட்ட வேளையில போய் நிக்கணும் மச்சான். நான் இல்லாதப்ப என் வீடு எப்படி இருக்குன்னு எனக்குப் பாக்கணும்."

"அது... நாள் பிடிக்கும்."

"வியாழக்கிழமை காலையில வண்டியை விட்டுட்டுப் போறேன், சாயங்காலம் வர்றேன்." வாசல்வரை போனவர் திரும்பினார். "முடியாதுன்னா சொல்லிடுங்க. டவுன்ல இன்னொருத்தர் ஒரே நாள்ல செய்வாராம். நம்ம வண்டில வேற ஆள் கை வைக்கணுமான்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

மறுநாள் காலை, மாப்பிள்ளை குளிக்கப் போகும் வழக்கமான பத்து நிமிடத்தில் தங்கை மாவு டப்பாவின் போனிலிருந்து அழைத்தாள். அவன் சொன்னதை முழுதும் கேட்டாள்.

"இன்னைக்கே கெளம்பிடும்மா," என்றான்.

"பாப்பா ஒரு வருஷம் பின்னால போயிடுவா அண்ணா. அதோட, இன்னைக்கு அவருக்கு ராத்திரி ஷிப்டு, நாளைக்கு லீவு. பகலெல்லாம் வீட்லதான் இருப்பாரு. வெள்ளிக்கிழமைதான் பகல் ஷிப்டு." பிறகு மெல்ல, "நீ அதைச் செய்யாத," என்றாள்.

"நான் செய்யலன்னா வேற ஒருத்தன் செய்வான். ஒழுங்கா செய்வான்."

அந்தக் கடைசிச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவனுக்கே வழி தெரிந்தது.

சூட்டுக்கு இடம் விடு: இத்தொழிலுக்கு வருகிறவன் முதலில் கற்பது அது. இரும்பு சூடேறினால் பெருக்கும். புகைக்குழாய்க்குள் ஒரு தகடு திரும்ப வேண்டுமானால், அதைத் தாங்கும் தண்டுக்கும் தண்டு நுழையும் புஷ்ஷுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். தண்டைத் தேய்த்துத் தேய்த்து, தன் பாரத்தாலேயே அது வழுக்கி விழும்வரை இளக்க வேண்டும். புதியவர்கள் அவசரப்படுவார்கள், குளிர்ந்த நிலையில் கச்சிதமாக உட்கார்ந்ததும் மகிழ்ந்துபோவார்கள். பதினைந்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் தண்டு புஷ்ஷைக் கவ்விக்கொள்ளும். எந்த நிலையில் நின்றதோ அந்த நிலையிலேயே தகடு நின்றுவிடும். ஆறினால் ஒன்றும் நடவாததுபோல் மறுபடி திரும்பும். பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது எளிதன்று.

வியாழன் நண்பகலில் வெல்டர் அந்தத் தண்டைத் தேய்த்தான். புஷ்ஷுக்கு மெல்லிரும்பு, தண்டுக்கு மட்டும், சூட்டில் அதனினும் அதிகம் பெருக்கும் எவர்சில்வர் கம்பி. கட்டைவிரலால் அழுத்தினால் நுழையும் அளவுக்கு வந்ததும் நிறுத்தினான். நிறுத்துவது கடினமாயிருந்தது. இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம் கையைத் தானாகவே உப்புத்தாளின் பக்கம் இழுத்தது. பிழையாக ஒரு வேலையை முடிப்பதற்கு அவன் தன் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மாலையில் மாப்பிள்ளை வந்தார். ஆறியிருந்த வண்டியை ஸ்டார்ட் செய்தார். கருமேகம் செருமியது. லிவரை இழுத்தார். ஓசை அடங்கி, தூங்குபவனின் மூச்சளவாயிற்று. விட்டார்; முழங்கியது. இழுத்தார், அடங்கியது. அவர் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை பரவியது. வெல்டர் அந்தப் புன்னகையைப் பார்க்கமாட்டாமல் கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்."

வெல்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். ஐந்து நிமிடம். எட்டு. பத்து. பதினைந்தைத் தாண்டினால் சிக்கிவிடும். சிக்கினால் இங்கேயே, இப்போதே தெரிந்துவிடும். பன்னிரண்டாம் நிமிடத்தில் மாப்பிள்ளை திரும்பினார். வாசலில் லிவரை இழுத்தார். ஓசை ஒரு நொடி தயங்கியது; பிறகு அடங்கியது.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கே மச்சான்?"

"புதுசு மாப்பிள்ளை. ஓட ஓடப் பழகிடும்."

மாப்பிள்ளை அவன் முகத்தைப் பார்த்தார். கோணலாக இல்லாத ஸ்பேனரை ஒருமுறை நேராக்கினார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு ஸ்பேனர்கள் நடுங்கின.

வெல்டர் கையிலிருந்த கேஸ் டார்ச்சை அணைத்தான். பகல் ஷிப்டு ஆறு மணிக்கு முடியும். கிடங்கிலிருந்து இங்கு வர இருபத்தைந்து நிமிட ஓட்டம். வேளை கெட்ட வேளை இன்றுதான். கார் வர இன்னும் கால் மணி இருந்தது.

வண்டி பட்டறை முன் வந்தது. மாப்பிள்ளையின் இடக்கை லிவரை இழுத்திருந்தது. ஓசை அடங்கவில்லை. விட்டு மறுபடி இழுத்தார். அடங்கவில்லை. தெருவே அதிர, வண்டி மெல்ல வெல்டரைக் கடந்தது. கடக்கும்போது மாப்பிள்ளை தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். அதில் சினமில்லை, கணக்கு ஒன்று சரியாக வந்ததைப் போன்ற ஒரு தெளிவு மட்டும் இருந்தது. பிறகு வேகத்தைக் கூட்டினார்.

பாலத்தின் அடி முழங்கியது. இவ்வளவு பெரிதாக அது என்றுமே முழங்கியதில்லை என்று வெல்டருக்குத் தோன்றியது. கேள், கேள் என்று அவன் மனம் மன்றாடியது. தங்கையின் எண்ணை அழைத்தான், அணைக்கப்பட்டிருந்தது. ஓசை மேட்டில் ஏறியது. உச்சியை எட்டியது.

உச்சியில் அறுந்தது.

"என்னண்ணே, வண்டி நின்னுபோச்சா?" என்று டயர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நிற்கவில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு, அந்த நீண்ட சரிவில் வண்டியை உருட்டிக்கொண்டு போகிறார். வாசல்வரை உருளும். அணைத்தால் போதும் என்பது வெல்டரின் நினைவுக்கே வரவில்லை. தகட்டையும் தண்டையும் புஷ்ஷையும் எண்ணியவன், சாவியை எண்ணவில்லை. அவர் போன வேகத்தில், மூன்று நிமிடம் என்று நம்பியது இப்போது ஒன்றரை. அதற்குள் மகளின் கையைப் பற்றி, பின்வாசலைக் கடந்து, சத்தம் வராமல் கேட்டை விட்டு...

வெல்டர் நடுத்தெருவில் நின்று கேட்டான். ஒரு லாரி போயிற்று. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது. ஓசையைச் செய்து பிழைத்த அவன், வாழ்நாளில் இவ்வளவு மௌனத்தைக் கேட்டதில்லை. இரண்டு நிமிடம். நான்கு. அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அம்மௌனம் சொல்ல மறுத்தது.

ஆறாம் நிமிடத்தில், மேட்டுக்கு அப்பால், அந்தக் குரல் மீண்டும் எழுந்தது. ஒரே உறுமலாக, கியர் மாற்றுவதையும் மறந்த சீற்றமாக எழுந்தது. திரும்பி வருகிறது. வீட்டில் ஆள் இருந்திருந்தால் அவர் இத்தனை விரைவில் திரும்பியிருக்க மாட்டார். வீடு வெறுமையாக இருந்திருக்கிறது.

வெல்டர் நடுத்தெருவிலிருந்து பட்டறைப் பக்கம் திரும்பினான். கண்ணில் நீர் முட்டியது. அதே கணத்தில், அந்தச் சீற்றம் எங்கே வருகிறது என்பதும் விளங்கியது. அவள் போன இடத்தை அறிந்தவன் இவ்வுலகில் ஒருவன்தான்.

மூன்று நிமிடம் இப்போது அவனுடையதாயிற்று.

உள்ளே போய் டிராயரைத் திறந்தான். ராடுகளை ஒதுக்கி அட்டைத் துண்டை எடுத்தான். தங்கையின் வட்டமான எழுத்தைப் படிக்காமல், டார்ச்சைப் பற்றவைத்து அதன் நீலச் சுடரில் காட்டினான். கருகிச் சுருண்டது. சாம்பலைச் செருப்பால் தரையோடு தேய்த்தான்.

"உங்க மாப்பிள்ளை போன சூட்டோட திரும்பி வர்றாரே," என்றார் டயர்க்கடைக்காரர்.

"கொஞ்ச நேரம் இங்கயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க."

டயர்க்கடைக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். முதன்முறையாக அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த, டயர் கழற்றும் இரும்பு லிவரைக் கீழே வைக்காமலேயே வந்து வாசலில் நின்றார்.

பாலத்தின் அடி முழங்கியது. வெல்டர் முக்காலியை இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தான். அவன் முதுகுக்குப் பின்னால், சுவரில், ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாக நடுங்கத் தொடங்கின.