மாப்பிள்ளைக்கு மூன்று நாள் பட்டினி

மூன்றாவது மாடி. இரண்டு படுக்கையறை. இரண்டு கதவுகளுக்கும் நடுவே மீன்தொட்டி. அந்த வீட்டில் நாங்கள் இருந்தது இரண்டு வருடம்தான். அதற்குப் பிறகு பெரிய வீடுகளில் இருந்துவிட்டேன். ஆனாலும் வீடு என்றால் எனக்கு அந்தத் தொட்டியின் மோட்டார் சத்தம்தான்.

மீன் ஆஸ்கர் இனம். கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் திட்டுகள். கணவர் வாங்கி வந்தபோது என் சுண்டுவிரல் நீளம். இது இறைச்சி தின்னும் சாதி என்றார். உயிருள்ள குட்டி மீன்களைப் பையில் வாங்கி வந்து தொட்டிக்குள் விடுவார். அது பாய்ந்து விழுங்குவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். நாலே மாதத்தில் உள்ளங்கை அளவு வளர்ந்தது. வேறு எதைப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாத்தனார் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள்.

“புதுசா கல்யாணம் ஆனவருகூட இவ்வளவு முறுக்கிக்க மாட்டாரு, அண்ணி.”

பிறகு கணவர் ஆறு மாதம் கப்பல் வேலைக்குப் போனார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார். கிளம்பும்போது, “மீனைப் பாத்துக்கோ,” என்றார்.

வீட்டில் நானும் நாத்தனாரும் மட்டும். அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. ஆறரைக்குக் கிளம்புவாள். எனக்குத் தையல் கூடத்தில். எட்டரைக்குப் போனால் போதும். முதல் மாதம் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தோம். பிறகு பேச்சு நின்றது. காரணம் குக்கரின் ரப்பர் வளையம். அதைக் கிழித்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

பேசாவிட்டாலும் வீடு நடந்தாக வேண்டும். மீன் வழியாகப் பேசினோம்.

“மாப்பிள்ளை, பால் தீர்ந்துபோச்சாம். சொல்லிருங்க.”

“வாங்கி வச்சு ஒரு மணி நேரம் ஆச்சாம், மாப்பிள்ளை. ஃப்ரிட்ஜைத் திறந்து பாக்கணுமாம்.”

“எப்படித் தெரியும்? போன வாரத்துச் சாப்பாடெல்லாம் அங்க கண்காட்சி வச்சிருக்காங்களே.”

மீன் ஆளுக்கொரு முறை வாயைத் திறந்து மூடும்.

அந்த நாட்களில்தான் அதன் நெற்றியில் ஊசி குத்தியது போல் இரண்டு குழிகள் தெரிந்தன. நிறம் வெளிறியது. நான் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு மீன்தொட்டிக் கடைக்குப் போனேன்.

“என்ன குடுக்கிறீங்க?” என்றார் கடைக்காரர்.

“குட்டி மீன்.”

“அப்புறம்?”

“குட்டி மீன்தான்.”

“மூணு வேளையும் பலகாரம் மட்டும் தின்னா நீங்க எப்படிம்மா இருப்பீங்க? வளர்ற வயசு. எல்லாச் சத்தும் போகணும். தோல் உரிச்ச இறால், மண்புழு, முள் எடுத்த கடல் மீன், இந்தப் பெல்லட் உருண்டை. மாத்தி மாத்திப் போடுங்க. குட்டி மீனை நிறுத்துங்க, அதுல நோயும் சேர்ந்து வருது.”

“அது வேற எதையும் தொடாதே.”

“மூணு நாள் பட்டினி போடுங்க. ஒண்ணும் ஆகாது. நடிக்கும், கெஞ்சும். மனசு இளகாதீங்க. பசிச்சா தொடும்.”

அன்றே தொடங்கினேன். நான் வந்தாலே மீன் கண்ணாடியில் வாயை வைத்து அழுத்தும். நான் தாண்டிப் போவேன். மூன்றாம் நாள் மாலை ஒரு பெல்லட் போட்டேன். திரும்பிக்கொண்டது. நாலாம் நாள் இறால். அது அடியில் போய்க் கிடந்தது. ஆறாம் நாளும் அப்படியே. குழி பெரிதாகியிருந்தது. தண்ணீர் கலங்கியிருந்தது. மீன் செத்துப்போனால் அவரிடம் என்ன சொல்வேன் என்று தையல் மிஷினில் உட்கார்ந்து யோசித்தேன். அன்று இரண்டு சட்டைகளுக்குக் காலர் தலைகீழாகப் போனது.

ஏழாம் நாள் தண்ணீர் மாற்றும்போது கவனித்தேன். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். விரலை வைத்தேன். பிசுபிசுத்தது. ஏழு நாளாக ஒன்றும் தின்னாத மீனின் தண்ணீரில் கொழுப்பு.

மறுநாள் ஆறு மணிக்கே எழுந்து கதவைத் திறந்தேன்.

நாத்தனார் கடைச் சீருடையில், கை மடித்துவிட்டு, தொட்டி முன்னால் நின்றிருந்தாள். கையில் இடுக்கி. இடுக்கி நுனியில் ஒரு சிவப்புத் துண்டு.

“சீக்கிரம் சாப்பிடுங்க, மாப்பிள்ளை. அவங்க எழுந்துருவாங்க.”

“எழுந்தாச்சு,” என்றேன். “என்ன அது?”

மூன்று வாரத்தில் நான் அவளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

“கோழி ஈரல். ஆட்டிக் காட்டினா உசிருள்ளதுன்னு பிடிச்சுக்குது.”

“எத்தனை நாளா?”

“நீங்க பட்டினி போட ஆரம்பிச்ச மறுநாளிலேர்ந்து.”

“பட்டினி போடச் சொன்னதே கடைக்காரருதான். வேற சாப்பாட்டுக்குப் பழக்குறதுக்கு.”

“அதை யாரு சொன்னா எனக்கு? இந்த மீன்கிட்ட ஊர்க் கதை எல்லாம் சொன்னீங்க. இதை மட்டும் சொல்லலையே.”

உண்மை. பால், வாடகை ரசீது, குப்பைப் பை எல்லாவற்றையும் மீனிடம் சொல்லியிருந்தேன். அதன் சாப்பாட்டைப் பற்றி அதனிடமே சொல்லத் தோன்றவில்லை.

“நீ என்ன நினைச்சே?”

அவள் ஈரலைக் கிண்ணத்தில் போட்டாள்.

“அண்ணன் மேல இருக்கிற கோவத்தை இது மேல காட்டுறீங்கன்னு நினைச்சேன்.”

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். முதல் நாள் அது கண்ணாடியை முட்டியபோது தாண்டிப் போனதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. கேட்டால் கிடைத்துவிடாது என்று யாருக்காவது காட்டியது போல.

“கொஞ்சம் இருந்துச்சு,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள்.

“நான் கெடுதல் பண்ணிட்டேனா?”

“ஈரல்ல கொழுப்பு. அதுக்குச் சரியாச் செரிக்காது. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“இன்னும் மூணு நாளா?”

“மூணு நாள்.”

அந்த மூன்று நாளும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தண்ணீரைப் பாதி மாற்றினோம். அவள் வாளி தூக்கினாள், நான் குழாய் பிடித்தேன். தொட்டியைத் தாண்டும்போது அவள் கையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். இரண்டாம் நாள் மீன் ஒருக்களித்துப் படுத்துவிட்டது.

“அண்ணி! போயிருச்சு!”

“நடிக்குது.”

“செவுள் ஆடலையே.”

“நல்லாப் பாரு. ஆடுது. நாம ரெண்டு பேரும் நிக்கிறோம்னு கொஞ்சம் ஜாஸ்தியா நடிக்குது.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய் இறால் உரிக்க உட்கார வைத்தேன்.

மூன்றாம் நாள் மாலை. இறால் கழுவிய தண்ணீரில் பெல்லட்டை ஊறவைத்தோம். அது அவள் யோசனை. கசப்பு மருந்தைக் குழந்தைகளுக்குப் பிடித்ததில் கலந்துதான் தருவார்களாம். நான் ஒன்றை எடுத்துப் போட்டேன். மீன் எழுந்து வந்தது. வாயில் வாங்கியது. துப்பியது.

“சம்பந்தி மாதிரி சாப்பாட்டுல குறை கண்டுபிடிக்குது,” என்றாள், மூச்சு விடாமல்.

மறுபடி வாங்கியது. மறுபடி துப்பியது. பெல்லட் மெல்ல அடியை நோக்கி இறங்கியது. மீன் அதன் பின்னாலேயே இறங்கியது. கண்ணாடியில் எங்கள் இருவர் மூச்சும் படிந்து ஒன்றும் தெரியவில்லை. அவள் சீருடைக் கையால் துடைத்தாள். பெல்லட் இல்லை. மீனின் தாடை அசைந்துகொண்டிருந்தது.

“முழுங்கிட்டாரு!”

“கத்தாதே. பயந்துரும்.”

“இன்னொண்ணு போடட்டுமா, அண்ணி?”

“போடு. சின்னதா.”

அவள் போட்டாள். இந்த முறை துப்பவில்லை.

“இன்னொண்ணு?”

“இன்னிக்குப் போதும். வயிறு பழகட்டும்.”

அவள் கை டப்பாவுக்குள் இருந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம். மீன் மேலே வந்து வாயைத் திறந்தது. அவள் கையை வெறுமையாக வெளியே எடுத்தாள். டப்பாவை மூடி என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கவில்லை.

“காலையில நீதானே முன்னாடி எழுந்திரிக்கிறே,” என்றேன். “நாலு போடு. நான் பாக்க மாட்டேன்.”