கொள்ளுச்செடி மேல் இத்தாலிக் கார்

மயில்சாமிக்கு அன்றைக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். இந்தச் சனியன் இன்றோடு கைமாற வேண்டும். அஸ்தம்பட்டியில் ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவர் காத்திருந்தார். காரைப் பிடித்துப்போய் அவர் வாங்கிவிட்டால் மயில்சாமி பழையபடி அம்பாசடருக்குத் திரும்பலாம்.

ராசிபுரத்து ஜவ்வரிசி மில் முதலாளி சண்முகவேல் இந்த இத்தாலிக் காரைப் பம்பாயிலிருந்து கொண்டுவந்தது எண்பத்தொன்றில். ஒரு வருஷத்தில் அவருக்கு ஆசை தீர்ந்துவிட்டது. ஓட்டித் தேய்ந்தது யார்? பாவப்பட்ட டிரைவர் மயில்சாமி. எஞ்சின் முன்னால் இல்லை. சீட்டுக்குப் பின்னால், முதுகை ஒட்டி. பன்னிரண்டு சிலிண்டர். தை மாதப் பனியிலும் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பின்னால் யானை வந்தாலும் தெரியாது. முதல் கியரிலேயே நூறைத் தொடுமாம். ஐந்தாவது கியரை இந்த ஜில்லாவில் யார் கண்டது? மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, அந்த இரும்புக் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

மல்லூர் தாண்டியதும் ரோட்டை அடைத்துக் கொள்ளுச்செடி பரப்பியிருந்தது. வண்டிகள் ஏறி மிதித்தால் காய் வெடித்துக் கொள்ளு உதிரும். செடிக்காரி காளியாத்தாள் முறத்தோடு ஓரத்தில் நின்றாள்.

“கொஞ்சம் ஒதுக்குங்கம்மா, வண்டி அடி தட்டும்,” என்றார் மயில்சாமி.

“இப்பத்தானுங்க பரப்புனேன். மெதுவா ஏத்திப் போங்க சாமி. வேகமாப் போனா அத்தனையும் செதறிப் போயிருமுங்க.”

பின்னால் ஏதோ லாரி ஹாரனை அமுக்கியபடி இருந்தது. ஓரமாக இறக்கினால் காரின் வயிறு கிழியும். மயில்சாமிக்குச் சலித்துப்போயிற்று. ஒரே அழுத்தாக அழுத்தினால் கண்மூடித் திறப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விடலாம்; அதற்காகத்தானே இதைச் செய்தார்கள். ஆனால் இத்தனை வருஷ சர்வீஸில் அடுத்தவர் வெள்ளாமை மேல் அவர் வேகமாகப் போனதில்லை. கால் துணியவில்லை. மெல்ல ஏற்றினார்.

செடி அடியில் சுருண்டு சேர்ந்துகொண்டே வந்தது. பாதியில் கார் நகராமல் முனகியது. திரும்பத் திரும்பக் கிளட்சை மிதித்தார். முழங்காலில் உயிர் போனது. கொதிக்கிற சைலன்சரில் சருகு பட்டால் என்ன ஆகும் என்று அப்போது தோன்றவில்லை.

“சாமி, எறங்குங்க, பின்னால எரியுது,” என்று காளியாத்தாள் ஓடிவந்தாள்.

லாரிக்காரரும் அவளும் மண்ணை வாரி இறைத்து, குடத்துத் தண்ணீரை ஊற்றித் தீயை அணைத்தார்கள். காரின் பின்பக்கம் கருகி, பெயின்ட் கொப்பளித்து நின்றது. விஷயம் கேள்விப்பட்ட எஸ்டேட்காரர் எட்டிப் பார்க்காமலே ஏற்காட்டுக்குத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் முதலாளி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். மயில்சாமி திட்டு வாங்கத் தயாராக நின்றார். வேலையை விட்டு நிறுத்தினால்கூட நல்லதுதான் என்றிருந்தது.

“இனி இத எவன் வாங்குவான்?” என்றார் முதலாளி, கோபமே இல்லாமல். “போகுது வுடு, சரி பண்ணி நாமளே வெச்சுக்கலாம். அந்தச் செலவுக்குத்தான் அம்பாசடர வித்துட்டு வாரேன்.”

“சரிங்க,” என்றார் மயில்சாமி. இடது காலை இரண்டு கையாலும் தூக்கித்தான் அவர் காருக்குள் வைக்க வேண்டியிருந்தது.