கஞ்சி போட்ட ஃபில்டர்

எங்கள் சலவைக் கடையில் கார் ஓட்டுவது நான்தான். பின்சீட்டைக் கழற்றிவிட்டுத் துணி மூட்டை ஏற்றுகிற பழைய கார். கல்யாணமாகி வந்த வருஷமே சாவியை என் கைக்கு வாங்கிக்கொண்டேன். ஆயில் பார்ப்பது, டயருக்குக் காற்றடிப்பது, ஏர் ஃபில்டரை எடுத்துத் தூசி தட்டுவது எல்லாம் என் வேலை. பெருமை பேசுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பேசுவதற்கு விஷயம் இருக்கிறது, பேசுகிறேன்.

என் கணவரின் அண்ணனுக்கு, அதாவது என் மூத்தாருக்கு, இது ஆரம்பத்திலிருந்தே தொண்டையில் சிக்கிய முள். தங்கையின் பிரசவத்துக்காக நான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியதும், அவருக்குத் தேடாமலே ஒரு சாக்கு கிடைத்தது. மேட்டின் மேலிருக்கும் ஆஸ்பத்திரி புதிதாக எங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. முதல் லோடு படுக்கை விரிப்புகளோடு கிளம்பினேன். பாதி மேட்டில் கார் கரும்புகை கக்கி, முக்கி முனகி நின்றுவிட்டது. பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்த மூத்தார் அதைக் கண்குளிரப் பார்த்தார். மெல்லப் பின்னுக்கு உருட்டி, திருப்பிக்கொண்டு கடைக்கே வந்து சேர்ந்தேன்.

"ஓட்டி ஓட்டி என்ஜினையே கொன்னுட்டா" என்று வாசலில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார் மூத்தார். "இன்னொரு தடவை மேட்டுல நின்னா, நாளையிலேர்ந்து வண்டி என்கிட்ட."

"நிக்காது மாமா."

"நின்னா?"

"நின்னா சாவியை நானே உங்க கையில தர்றேன்."

வாய் முந்திக்கொண்டது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே சிலையாக நின்றார். யார் சட்டையோ, கருகல் வாசனை வந்தது.

பானெட்டைத் திறந்தேன். என்ஜின் ஓடுகிறது, மிதித்தால் மட்டும் இழுக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொன்ன மாதிரி. அப்படியானால் முதலில் காற்றுப் போகிற வழியைத்தான் பார்க்கவேண்டும். ஏர் ஃபில்டர் இருக்கும் கறுப்புப் பெட்டியின் கிளிப்புகளைத் தளர்த்தி மூடியைத் தூக்கினேன்.

நான் ஊருக்குப் போகும்போது புழுதி அப்பிக் கிடந்த ஃபில்டர், பளிச்சென்று வெளுத்திருந்தது. ஒவ்வொரு மடிப்பும் விறைப்பாக நின்றது. தூக்கி வெயிலில் பிடித்தேன். மடிப்புகளுக்கு நடுவே ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. நகத்தால் சுரண்டினால் காய்ந்த கஞ்சி உதிர்ந்தது. எங்கள் வீட்டில் அப்படி மடிப்பு எடுக்கிற கை ஒன்றுதான். நிமிர்ந்தேன். விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த என் மாமியாரின் கை பாதியில் நின்றிருந்தது.

"புதுசு மாதிரி இருக்கே, இதுல என்ன குறை கண்டே?" என்றார் மூத்தார்.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. என் சமையலிலிருந்து நடைவரைக்கும் மாமியார் சொன்ன அத்தனை சொல்லுக்கும் வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் மனசு வரவில்லை. "மாத்தணும், அவ்வளவுதான்" என்று முடித்துக்கொண்டேன்.

"நான்தான் துவைச்சேன்" என்றார் மாமியார்.

எல்லாரும் திரும்பினோம்.

"ஃபில்டர் அழுக்கா இருக்கு, வந்துதான் பாக்கணும்னு சொல்லிட்டுப் போனா. அழுக்கை வெச்சிக்கிட்டு எனக்குத் தூக்கம் வருமா? அவ கழட்டறதைப் பாத்திருக்கேன். நானே கழட்டி சோப்புல ஊற வெச்சேன். மடிப்பெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு, கஞ்சி போட்டேன். இஸ்திரியும் போட்டுத்தான் மாட்டினேன்." பிறகு மூத்தாரை நேராகப் பார்த்தார். "தப்பு என் மேலடா. அவ மேல இல்ல."

'தப்பு என் மேல' என்று அம்மா சொல்லி என் வீட்டுக்காரரே அதுவரை கேட்டதில்லையாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்திக்கு நான் மருமகள் என்பது அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

"அத்தை, இது காகிதம். தண்ணி பட்டாலே வீணாயிடும். கஞ்சியும் போட்டா காத்து எப்படி உள்ளே போகும்?"

"வெள்ளையாத்தானே வந்துச்சு?"

"வெளுப்புல குறையே இல்ல அத்தை."

புது ஃபில்டர் ஒன்றை எப்போதும் சீட்டுக்கடியில் வைத்திருப்பேன். பெட்டியின் உட்புறத்தை, என்ஜினுக்குள் தூசி போகாமல், ஈரத்துணியால் துடைத்தேன். ஃபில்டரை வைத்து, ரப்பர் ஓரம் சுற்றிலும் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துக் கிளிப்புகளை அழுத்தினேன். ஸ்டார்ட் செய்து மிதித்ததும் என்ஜின் தொண்டையைத் திறந்து பாடியது.

"சத்தம் இருக்கட்டும், மேடு ஏறட்டும்" என்றார் மூத்தார். "எப்படியும் நடுவுல நிக்கத்தான் போகுது. லேட்டாகும்னு ஆஸ்பத்திரியில முன்னாடியே போய்ச் சொல்லிடறேன்." ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினார்.

நான் ஓட்டும் வண்டியில் ஒருநாளும் ஏறாத என் மாமியார், முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எடு வண்டியை."

மேடு தொடங்கியது. இரண்டாவது கியருக்கு மாற்றினேன். காலையில் நின்றுபோன இடம் வந்தபோது இன்னும் அழுத்தி மிதித்தேன், கார் தயங்கவில்லை. முழு லோடும் மாமியாருமாக, இழுத்த இழுப்புக்கு ஏறிக்கொண்டே போனது. முன்னால் மூத்தாரின் ஸ்கூட்டர் தெரிந்தது. வேகத்தைக் குறைத்தேன்.

"ஏன் மெதுவாப் போறே?"

"முன்னாடி மாமா போறார், அத்தை."

"கண்ணு தெரியுது எனக்கு. நான் பெத்தவன்தான்" என்றார் மாமியார். "ஹார்ன் அடி. முந்து."