ஒன்பதாம் பிரிவை எழுதியவன்

அன்று காலை பத்து மணிக்கு, கிண்ணியாவில் எங்கள் வீட்டு முன் ஹோலில் இருந்தவர்கள் ஆறு பேர்: குடும்பத்துக்கு மூத்தவனான நான், தேர்தலில் தோற்ற என் தம்பி ஸுஹைர், அவன் மனைவி மைமூனா, குறிஞ்சாக்கேணி மீனவர் சங்கத் தலைவர் நுஸ்கி, திருகோணமலையிலிருந்து கமராவுடன் வந்த நிருபர் ஜனுஷன், ஸுஹைரைத் தோற்கடித்த பஹ்மி. தானும் இருந்ததாக வேறு எவர் சொன்னாலும் அது பொய்.

கரையோரத்துக்கென்று ஒரு விசேட ஆணையாளரைப் புதிதாக நியமித்திருந்தார்கள். அவர் ஒரு தாளில் ஒப்பமிட்டால் போதும், எந்த நிலமும் எந்தத் துறையும் மூடப்படும். அப்படித்தான் எங்கள் வாப்பா கல்லடுக்கிக் கட்டிய தோணித்துறைக்குப் பூட்டு விழுந்தது. நாற்பது தோணிகள் மணலில் கிடந்தன. வழக்குப் போடவும் வழியில்லை. ஆணையாளரின் முடிவை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கலாகாது என்றது அந்தச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு.

அந்தப் பிரிவை எதிர்த்துத்தான் ஸுஹைர் அன்று கமராவுக்கு முன் பேச இருந்தான். அதை எழுதியவனும் அவன்தான். ஆளும் தரப்பில் இருந்தபோது, தான் ஒருநாளும் தோற்கப்போவதில்லை என்று நம்பி எழுதினான்.

"அதை முதல்ல நீயே சொல்லிப்போடு" என்று அன்று விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்து வரும்போது சொன்னேன்.

"ஏலாது நானா. சொன்னா ஊர் சிரிக்கும்."

"சொல்லாட்டியும் சிரிக்கும். அப்ப வாப்பாவையும் சேர்த்துச் சிரிக்கும்."

அவன் நடையை எட்டிப் போட்டான். நான் வேறு வழி பார்த்தேன்.

வென்றவன் தோற்றவன் வீட்டுக்கு வந்து முதலில் கை கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பகுதியில் வழக்கம். எப்போது வரலாம் என்று தோற்ற வீட்டார்தான் சொல்லியனுப்புவார்கள். மூன்று வாரமாக நான் வாய் திறக்கவில்லை. அன்று காலைதான் சொல்லியனுப்பினேன்: பத்து மணிக்கு வரலாம்.

எட்டு வருடம் ஸுஹைரின் செயலாளராக இருந்த பஹ்மி, ஒரு தட்டு இனிப்பு வட்டிலப்பத்துடன் வந்தான். கமராவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதற்கு நேர் எதிரே அவனுக்குக் கதிரை போட்டேன்.

"கேட்பாரில்லாத அதிகாரம் ஒரு ஆளின்ட கையில இருந்தா..." என்று ஸுஹைர் தொடங்கினான்.

பஹ்மி சிரித்தான். "நல்லாக் கதைக்கிறீங்க, ஸுஹைர் நானா. ஒன்பதாம் பிரிவை எழுதினது ஆரெண்டும் அந்தக் கமராத் தம்பிக்குச் சொல்லுங்களேன்."

எட்டு வருடம் அவனுக்கு என் தம்பி 'சேர்'. அன்று வெறும் அண்ணன், 'நானா'.

"வட்டிலப்பம் கொண்டுவந்த கையோட நஞ்சும் கொண்டுவந்திருக்கான்" என்றாள் மைமூனா, குசினி வாசலில் நின்று.

நுஸ்கி எழுந்துவிட்டார். "மெய்யா சேர்? எங்கட தோணியளை மணல்ல போட்டது நீங்களா?"

ஸுஹைர் என்னைப் பார்த்தான். நான் பார்வையை விலக்கவில்லை. அவனும் எழுந்து நின்றான்.

"ஓம். நான்தான் எழுதினனான். அந்தக் கதிரையில எப்பவும் எங்கட ஆள்தான் இருப்பான் எண்டு நினைச்சனான். பெரிய பிழை. அதை நீக்கும் வரைக்கும் நான் ஓயமாட்டன்." பிறகு பஹ்மியின் பக்கம் திரும்பினான். "நீதானே டைப் பண்ணினனீ? முடிச்ச கையோட என்னட்ட என்ன கேட்டனீ?"

பஹ்மியின் சிரிப்பு நின்றது.

"உன்ட மச்சானை ஆணையாளராப் போடச் சொல்லிக் கேட்டனீ. நான் போடேல்ல. இப்ப நீ போடுவிச்சிருக்கிறாய். இல்லையெண்டு கமராவைப் பார்த்துச் சொல்லு, பாப்பம்."

ஜனுஷன் கமராவை அசைக்கவேயில்லை. பஹ்மி என்னிடம் திரும்பினான். "வீட்டுக்குக் கூப்பிட்ட ஆளுக்கு இதுவா மரியாதை?"

"கை குடுக்கத்தானே வந்தனீங்கள் தம்பி? இன்னும் குடுக்கேல்லயே."

கொடுக்காமல் படியிறங்கினால் கிண்ணியாவில் அவன் தலை காட்ட முடியாது. எல்லோரும் பார்த்திருக்க, கையை நீட்டினான். ஸுஹைர் அவசரப்படாமல் வாங்கி, நெடுநேரம் பிடித்திருந்தான். பஹ்மியின் கை வியர்வையில் நனைந்திருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னான். அன்று பகல் சோறு எனக்கு மிகவும் ருசித்தது.

காணொளியை மாவட்டமே பார்த்தது. அதன் பிறகு ஊரில் ஒரு கதை உலாவுகிறது: ஸுஹைர் ஆணையாளரை இரகசியமாகச் சந்தித்து, மன்னிப்புக் கேட்டு, வாப்பாவின் துறையை மட்டும் திறப்பித்துக்கொண்டானாம்.

ஸுஹைர் அவரைச் சந்திக்கவில்லை. துறை திறக்கவும் இல்லை.