நோராவின் வயிற்றுச் சங்கு

1943ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, சாந்தோம் பெர்பெத்துவம்மாள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான்காம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், படித்துக்கொண்டிருந்த நோராவின் வயிறு பசியில் ஊதிய சத்தத்தைக் கேட்டு, ஜப்பான்காரன் குண்டு போட வந்துவிட்டான் என்று கச்சேரி ரோடு முழுவதும் பதுங்கு குழிக்குள் இறங்கியது. நேரம் காலை பதினொன்றரை. மெல்லத் தொடங்கி, ஏறி, உச்சியில் சற்று நின்று, இறங்கி, மறுபடி ஏறிய அந்தச் சத்தத்துக்கும் அபாயச் சங்குக்கும் ஒரு வித்தியாசமும் இருக்கவில்லை. பாதி முகம் சவரம் செய்த பென்ஷன்காரர்களும், கச்சத்தை இறுக்கக்கூட நேரமில்லாத வக்கீல்களும், கூடையோடு மீன்காரிகளும் ஒரே குழியில் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். இவர்கள்தான் முந்தின வருஷம் ஏப்ரலில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கும் திருச்சிக்கும் ஓடி, ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்ததும் அசடு வழியத் திரும்பி வந்தவர்கள். மறுநாளும் அதே நேரத்துக்குச் சங்கு ஊதியது. மறுநாளும் இறங்கினார்கள். விமானம் ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள், குழியில் குந்தியிருந்த கை ரிக்‌ஷாக்காரர் கனகராஜ் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "இன்னா நைனா, இது கவர்மெண்ட் சங்கு இல்ல. பொண்ணுங்க இஸ்கோல்லேர்ந்து ஊதிக்கினு கீது" என்றார்.

தலைமையாசிரியை ஃப்ளோரா ஆம்ப்ரோஸ் வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டு, நான்காம் பாரத்தின் மூன்றாவது பெஞ்சில் வந்து நின்றார். அங்கே நோரா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்துகொண்டிருந்தன. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு நோரா எழுந்து நின்று, "ஒருசந்தி இருக்கேன் மிஸ்" என்றாள். வேதக்காரர்கள் என்று ஊர் சொல்லும் கிறிஸ்தவக் குடும்பங்களில், ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் ஒருவேளை மட்டும் உண்டு நோன்பிருப்பதற்கு அப்படித்தான் பெயர். தவசு காலம் ஏப்ரலிலேயே முடிந்துபோயிருந்தது. அதை ஃப்ளோரா டீச்சர் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். நோராவின் அப்பா லியோனார்ட் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். ரங்கூன் விழுந்தபின் அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியவில்லை. அம்மா டோரதி கவுன் தைத்துப் பார்த்தாள். யுத்தத்தில் துணியே கிடைக்காமல் தையல் மெஷின் பூனை படுக்கும் இடமாகிப் போனது. வீட்டில் ராத்திரி மட்டும் கஞ்சி. ஆனால் போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்த குடும்பம் அது; இரண்டு தலைமுறை உபாத்தியாயர்கள் வேறு. டோரதி மகளின் தலையை வாரிவிடும்போது தினமும் சொல்லி அனுப்பினாள்: "யாராச்சும் கேட்டா ஒருசந்தின்னு சொல்லு. பசிக்குதுன்னு மட்டும் சொல்லிடாத. நம்ம மானமே போயிடும்." மானத்தைப் பிள்ளையின் வயிற்றில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றலாம் என்று நம்பிய தாய்மார்கள் அந்த வருஷம் சாந்தோமில் நிறைய இருந்தார்கள். மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சத்தம் வரவில்லை, அவ்வளவுதான்.

பள்ளியில் மாணவியர் நலக் கமிட்டி என்று ஒன்று இருந்தது. மயிலாப்பூர் வக்கீல் சந்திரமௌலி தலைவர். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் சுயம்புலிங்கமும், விமானத் தாக்குதலிலிருந்து வட்டாரத்தைக் காக்க நியமித்த ஏ.ஆர்.பி. வார்டன் கோதண்டபாணியும் உறுப்பினர்கள். ஃப்ளோரா டீச்சர் காரியதரிசி. கமிட்டி தோன்றிய நாள் முதல் அது செய்திருந்த நலம், பெண்கள் கூன் போடாமல் உட்கார வேண்டும் என்று சுவரில் எழுதிவைத்ததும், ஆண்டு விழாவில் மேடையில் உட்கார்ந்து வியர்த்ததும்தான். நோராவின் செய்தியைக் கேட்டதும் சந்திரமௌலிக்குக் கண் கலங்கிவிட்டது. "பதினாலு வயசுப் பொண்ணு! லோக க்ஷேமத்துக்காகத் தினம் உபவாசம் இருக்காளே! எங்காத்துல ஏகாதசின்னா பன்னெண்டு பலகாரம் பண்றா" என்று உருகினார். ரங்கூனில் அப்பா என்ன ஆனார், வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று விசாரிக்க அந்த நாலு தலைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. ஒரு சனிக்கிழமை கூட்டம் போட்டு நோராவுக்கு மாலை போட்டு, அர்ச்சியசிஷ்டர் எனப்படும் புனிதர் ஒருவரின் சுரூபம் பதித்த பதக்கம் ஒன்றைக் குத்திவிட்டார்கள். பதக்கம் குத்தும்போது அவள் வயிறு ஊதியது. கூட்டம் கை தட்டியது.

அதற்குள் ஊர் அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தது. அந்த வட்டாரத்துக்கு வர வேண்டிய சங்கு எங்கோ ரயிலில் தங்கிவிட்டதால், கோதண்டபாணி தம் ஒத்திகைகளை நோராவின் வயிற்றை வைத்தே நடத்திக்கொண்டார். மேலதிகாரிகள் அவருடைய நேரந்தவறாமையைப் புகழ்ந்தார்கள். பதுங்கு குழிக்குப் போவது அலுத்துப்போன வீடுகளில் சத்தம் கேட்டால் இலை போடுவது வழக்கமாயிற்று. மாட வீதிகளில் பெரியவர்கள் மணைபோட்டுக் காத்திருந்து, சங்கு ஏறத் தொடங்கியதும் நெய்யை ஊற்றிப் பிசைவார்கள். அதைக் கேட்டால்தான் பசியே எடுக்கிறது என்று லஸ் பக்கத்து டாக்டர் ஒருவர் சொன்னாராம். ஒரு பெண் பட்டினி கிடக்கும் சத்தத்தில் ஒரு பேட்டையே வயிறாரச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, பாயில் சாய்ந்தது. யாருக்கும் விக்கல்கூட எடுக்கவில்லை.

ஆகஸ்டு கடைசியில் சுயம்புலிங்கம் கடையின் ஆண்டு நிறைவுக்காக இரண்டு தார் வாழைப்பழத்தோடு பள்ளிக்கு வந்தார். தயாள குணம் ஒன்றும் இல்லை, பழம் கனிந்து கறுக்கத் தொடங்கியிருந்தது. வகுப்பு வகுப்பாகக் கொடுத்துக்கொண்டு வந்தவர் நோரா தயங்கியதைப் பார்த்து, "ஏட்டி, ரெண்டு பழம் தின்னா நோம்பு ஒண்ணும் ஓடிப்போயிராது. தின்னு" என்று கையில் திணித்துவிட்டுப் போனார். நோரா தோலின் உட்புறத்தைக்கூட விடாமல் சுரண்டித் தின்றாள். அன்றைக்குச் சங்கு ஊதவில்லை. மாட வீதிகளில் சோறு குழைந்தது. பென்ஷன்காரர்கள் மணையில் உட்கார்ந்தபடியே கிறங்கினார்கள். ஒத்திகையைப் பார்க்க வந்திருந்த பெரிய அதிகாரி கடிகாரத்தையும் கோதண்டபாணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலமே கமிட்டி கூடியது. அப்போதுதான் ஃப்ளோரா டீச்சர் தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு நிஜத்தைச் சொன்னார்: "சார், அது ஒருசந்தி இல்ல. வெறும் பசி. அந்த வீட்டுல சாப்பாடு இல்ல போலிருக்கு." சந்திரமௌலி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பசின்னு நாம சொல்லிட்டா பள்ளிக்கூடத்துக்குன்னா கெட்ட பேரு? பதக்கம் வேற குடுத்தாச்சு. ஒருசந்தின்னே இருக்கட்டும்" என்றார். யுத்த காலத்தில் ஊரின் பாதுகாப்பு முக்கியம் என்றார் கோதண்டபாணி. தாம் கொடுத்த பழத்தால் வந்த வினை என்று சுயம்புலிங்கம் மன்னிப்பே கேட்டுக்கொண்டார். பதினொன்றரை மணிக்கு முன் நோராவுக்கு யாரும் தின்பண்டம் கொடுத்து அவளுடைய விரதத்தைக் கலைக்கக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. அதற்கப்புறம் கொடுக்கலாம்தான். ஆனால் அதற்குள் எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். மனமில்லாமல்தான் கையெழுத்துப் போட்டதாக ஃப்ளோரா டீச்சர் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மனமில்லாவிட்டாலும் கையெழுத்து நன்றாகவே விழுந்திருந்தது.

அக்டோபர் மழையில் ஊர் மிதந்தது. அரிசி இன்னும் குறைந்தது. நோராவின் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்த வேண்டியதாயிற்று. அவள் இளைக்க இளைக்கச் சத்தம் தடித்தது. முதலில் லஸ் வரைக்கும் கேட்டது, பிறகு தேனாம்பேட்டை, பிறகு அடையாறு பாலத்தில் மாட்டுவண்டிகள் மிரண்டன. ஒரு வியாழக்கிழமை தையல் வகுப்பில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து தரையில் விழுந்தாள். சத்தம் மட்டும் நிற்காமல் தரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஓடிவந்த கோதண்டபாணி, படுத்திருந்தால் இன்னும் தூரம் கேட்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். இப்படிப்பட்ட ஒருவருக்குத் தலைக்கவசம் கொடுத்து எதைக் காப்பாற்ற நினைத்தார்களோ தெரியவில்லை.

சந்திரமௌலியின் மகள் சீதா அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கெட்டிக்காரி என்றோ இரக்கக்காரி என்றோ பெயர் வாங்காத பெண். மறுநாள் பதினொரு மணி இடைவேளையில் பூவரச மரத்தடிக்கு நோராவை இழுத்துப் போய், தூக்கைத் திறந்து தயிர்சாதத்தை ஒரு பிடி உருட்டி நீட்டினாள். மற்ற சாதிப் பெண்ணுக்குத் தன் பாத்திரத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது அவள் வீட்டில் தலைமுழுக வேண்டிய காரியம்.

"சாப்டு."

"ஒருசந்தி..."

"அதெல்லாம் நேக்குத் தெரியாது. உன் பக்கத்துல உக்காந்து நேக்குக் காது வலிக்கறது. செத்துகித்து வெக்காதே. சாப்டு."

நோரா அழுதுகொண்டே தின்றாள். அழுதாலும் ஒரு பருக்கை சிந்தவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் வந்தார்கள். அஃப்சருன்னிசா ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். யாரோ மீன் வறுவல், யாரோ புளிச்சோறு. இன்னாருடையதை இன்னார் தொடலாமா என்று பெரியவர்கள் நூற்றாண்டுகளாகப் போட்டு உழப்பிய கணக்கை அவர்கள் மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டார்கள். பதினொன்றரைக்குப் பள்ளி அமைதியாக இருந்தது.

ஆனால் சத்தம் எங்கும் போய்விடவில்லை. ஒரு பிடி சோறு கொடுத்தவள் ஒரு பிடி சத்தத்தை வாங்கிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்த சந்திரமௌலி அடையும் வெண்ணெயுமாக உட்கார்ந்து முதல் விள்ளலை வாயில் வைத்தபோது, கூடத்தில் நின்ற சீதாவின் வயிற்றிலிருந்து மெல்லிய சங்கு ஏறத் தொடங்கியது.

"அதென்னடி சத்தம்?"

"நோராவோட பசிப்பா. கொஞ்சம் ஆத்துக்கு எடுத்துண்டு வந்தேன்."

அவர் விள்ளலை முழுங்க முடியாமல் தண்ணீர் குடித்தார். மகளை உட்காரவைத்து மூன்று அடை தின்னவைத்தார். அவள் வயிறு நிறைந்தது, சத்தம் நிற்கவில்லை. அது அவள் பசி இல்லையே. விளக்கெண்ணெய் கொடுத்தார்கள், வைத்தியரை அழைத்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். அஃப்சருன்னிசா வீட்டில் ஓதி ஊதினார்கள். வேதக்கார வீடுகளில் தீர்த்தம் தெளித்தார்கள். இரண்டு வாரம் மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் வீட்டுக்கு வீடு, சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து அந்தச் சங்கு ஊதியது. தெருவில் கேட்டபோது நெய் ஊற்றிப் பிசைந்தவர்களுக்குத் தங்கள் சமையலறையில் கேட்டதும் சோறு இறங்கவில்லை. கமிட்டி அவசரமாகக் கூடி, பெண்கள் சத்தத்தை நோராவிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெண்கள் அதைக் கேட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்கள். கூன் போடாமல் போனார்கள்.

முடிவில் அதை நிறுத்தியது சீதாவின் அம்மா. புருஷனிடம் கேட்காமல், ஒரு நாள் காலையில் தூக்கில் நோராவுக்கென்று ஒரு பிடி சாதத்தைக் கூடுதலாக அமுக்கி வைத்து அனுப்பினாள். அன்றைக்குச் சீதாவின் வயிறு ஊதவில்லை. கிணற்றடியில் ஒருத்தி சொல்லி இன்னொருத்தி கேட்டு, வாரம் முடிவதற்குள் எல்லா வீட்டுத் தூக்குகளும் கனத்தன. அதை யாரும் தர்மம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தர்மமும் இல்லை, வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட ஆசைப்பட்டார்கள். ரேஷன் அரிசியில் பங்கு பிரிக்கும்போது "சத்தத்துக்கு ஒரு பிடி" என்று தனியாக எடுத்துவைத்தார்கள், காக்காய்க்கு வைப்பதைப்போல. டோரதி முதலில் மகளிடம் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு நாள், "தயிர்சாதம் புளிச்சிருந்துதா?" என்று கேட்டாள். மானம் போய்விட்டதாக ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு விழாவில் சந்திரமௌலி, நலக் கமிட்டி தன் தீர்க்கதரிசனத்தால் மாணவியருக்குள் பகிர்ந்துண்ணும் பழக்கத்தைக் கொண்டுவந்ததாக முக்கால் மணி நேரம் பேசினார். மரத்தடியில் அவர் பெயரோடு ஒரு கல்லும் நட்டார்கள். ஃப்ளோரா டீச்சர் கை தட்டினார். நோரா தட்டவில்லை; அவள் கையில் யாரோ கொடுத்த அதிரசம் இருந்தது. 1946இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தொலைபேசி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். லியோனார்ட் திரும்பி வரவே இல்லை.

அந்த வருஷம் ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம், பதினொன்றரை மணிக்கு முதல் பாரத்திலிருந்து சின்னதாக ஒரு சங்கு ஏறத் தொடங்கியது. பெண்கள் மரத்தடியில் தூக்குகளைத் திறந்தார்கள். வீடுகளில் தாய்மார்கள் அரிசியில் கையை விட்டு ஒரு பிடி கூடுதலாக எடுத்துக் களைந்து உலையில் போட்டார்கள். யாருக்கு என்று எந்த வீட்டிலும் கேட்கவில்லை.