ஓஸ்முன் வீட்டுச் சமையலறை வழியாகப் போகும் பாதை

க்ரோலியா காப்புக்காட்டின் ஆற்றோரப் பாதை, மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, காலங்காலமாகக் கிடந்த இடத்தை விட்டு எழுந்து வந்து ஓஸ்முன் த்வெய்தனின் வீட்டுக்குள் படுத்துக்கொண்டது. பின்வாசலில் நுழைந்து, அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே போய், கூடத்தைத் தாண்டி, மலையைப் பார்த்த கதவு வழியாக வெளியேறி மேலே ஏறியது. தரைப் பலகைகளுக்கிடையே ஸ்ப்ரூஸ் மரத்தின் வேர்கள் முண்டிக்கொண்டிருந்தன. ஃபிரிட்ஜுக்கு முன்னால் கொஞ்சம் சேறு. மரங்களில் பூசி வழி காட்டும் சிவப்புக் குறிகளில் ஒன்று இப்போது கதவு நிலையிலும், ஒன்று ஃபிரிட்ஜிலும், இன்னொன்று சுவர்க் கடிகாரத்துக்குக் கீழேயும் இருந்தன. அந்த வருடம் பனி தாமதமாக உருகியது, உருளைக்கிழங்கு விலை ஏறியது.

நிலம் சரிந்திருக்கும் என்று ஓஸ்முன் மனைவியிடம் சொன்னான். அவள் பெயர் இங்யெர். எதையும் நம்பிவிடக்கூடியவள் அல்ல. ஆனால் பாதைகளைப் பற்றி ஓஸ்முன் சொன்னால் ஊரே கேட்கும்போது அவள் மட்டும் என்ன செய்வாள். இருபது வருடங்களுக்கு மேலாக அவன்தான் பாதைக் குழுவின் தலைவன். ஜூன் மாதத்தில் ஊர் கூடி வேலை செய்யும் நாளில் யார் பலகை சுமப்பது, யார் முறிந்த கிளையை வெட்டுவது என்று சொல்பவன் அவன். சிவப்பு வண்ண டப்பாவை மட்டும் யாரிடமும் தரமாட்டான். குறி வைப்பது பொறுப்பான காரியம் என்பான்.

பாதை ஏன் தன் வீட்டைத் தேடி வந்தது என்பது அவனுக்குத் தெரியும். திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயை மூடிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் ஒருவனிடம் அவன் சம்பளத்தைக் கேட்கலாம், மூலவியாதியைப் பற்றிக்கூடக் கேட்கலாம். முல்த்தே எங்கே பறித்தாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. சதுப்பில் காய்க்கும் மஞ்சள் பழம் அது. அதன் இடத்தைச் சாகும்போதும் சொல்லாமல் போனவர்கள் உண்டு. ஓஸ்முனும் ஆகஸ்டு தோறும் வாளி வாளியாகக் கொண்டுவந்தான். எங்கிருந்து என்று இங்யெருக்கே தெரியாது. நகரத்து ஆட்கள் நாய்களோடு ஆற்றோரப் பாதைக்கு வரத் தொடங்கியதும் அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். பாதையிலிருந்து கொஞ்சம் எட்டிப் பார்த்தால் அவனுடைய சதுப்பு தெரிந்துவிடும். அதனால் பாதை வீட்டுக்கு வருவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஊர் கூடி வேலை செய்த நாளில், எல்லோரும் கீழே பாலத்தில் ஆணி அடித்துக்கொண்டிருக்க, அவன் தனியாக மேலே போய்ச் சில மரங்களின் குறிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, பாறைச் சரிவுப் பக்கம் புதிதாக வைத்தான்.

அந்த ஆகஸ்டில், மூடுபனியில், ரெய்துன் ஹௌக்லி அந்தக் குறிகளைப் பார்த்து நடந்தாள். ஊரில் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஓஸ்முனோடு முப்பது வருடம் மலை ஏறியவள். பாறை இடுக்கில் விழுந்து இடுப்பு முறிந்து ஓர் இரவு முழுக்கக் கிடந்தாள். தேடிப் போனவர்களில் முதலில் அவளைக் கண்டவன் ஓஸ்முன்தான். தூக்குப் படுக்கையில் கிடந்தபடி அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிரு ஓஸ்முன். நீ அவ்வளவு சுத்தமா வச்ச குறியப் பாத்து நடக்கத் தெரியல எனக்கு" என்றாள். அவன், "பரவால்ல ரெய்துன், வயசானா யாருக்கும் வர்றதுதான்" என்றான். தான் விழ வைத்தவளைத் தானே மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான். இதை எழுத எனக்கே கூசுகிறது.

அந்த வாரமே, காதும் காதும் வைத்தாற்போல், குறிகளைப் பழைய மரங்களுக்கு மாற்றிவிட்டான். பிறகு ஊரார் போய்ப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியில்லாதது தன் கண்ணும் புத்தியும்தான் என்று ரெய்துன் முடிவு செய்தாள். கண் மருத்துவர் ஒன்றும் இல்லை என்று சொன்னதை அவள் நம்பவில்லை, பாவம், மனம் நோகாமல் இருக்கச் சொல்கிறார் என்றாள். கார் ஓட்டும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தாள். தேவாலயப் பாட்டுக் குழுவிலிருந்து விலகினாள். கடையில் ரசீதைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, சொல்லுங்க" என்று கேட்பாள். பாதையின் தொடக்கத்தில், திரும்பி வருவதில் வெட்கமில்லை என்று பலகை இருக்கிறது. அதைக் கூடப் படிக்காமல் போனேனே என்று வெட்கப்பட்டாள்.

அதற்குப் பிறகுதான் பாதை வந்தது.

நடப்பவர்களும் பின்னாலேயே வந்தார்கள். முதல் நாள் ஒரு சிக்கல். எங்களில் யாரும் ஒரு வீட்டுக்குள் செருப்போடு போகமாட்டோம். யாரும் காட்டுப் பாதையில் வெறுங்காலோடு நடக்கமாட்டோம். இது வீடா பாதையா என்று பின்வாசலில் பெரிய கூட்டம் யோசித்துக்கொண்டு நின்றது. கடைசியில் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு அடுப்பைத் தாண்டிப் போய், மறுபக்கப் படியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. கடைத்தெருவில் முகம் பார்க்காத ஜனங்கள் மலைப் பாதையில் எதிர்ப்படுபவருக்கெல்லாம் வணக்கம் சொல்வார்கள் அல்லவா, அப்படியே கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஓஸ்முனுக்கும் சொன்னார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னான். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

குறிகளைச் சுரண்டிப் பார்த்தான். மறுநாள் காலைக் காப்பி குடிப்பதற்குள் திரும்ப வந்திருந்தன. கதவைப் பூட்டிப் பார்த்தான். ஜனங்கள் தட்டாமல், முணுமுணுக்காமல், மழையில் வரிசையாக நின்றார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் திறந்துவிட்டான். காப்புக்காட்டு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து நாடா வைத்து அளந்தாள். பாதையை நகர்த்துவது குற்றம், அது தானாக நகர்வதற்குச் சட்டத்தில் தடை இல்லை என்றாள். "பாதையை யாராவது நகர்த்தினாத்தாங்க தண்டனை" என்று அவள் திரும்பவும் சொன்னபோது ஓஸ்முன் ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே எதையோ தேடினான். இங்யெர் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமை ரெய்துன் வந்தாள். இரண்டு ஊன்றுகோல்களோடு வரிசையில் நின்றாள். மற்றவர்கள் முன்னே போகச் சொன்னபோது வேண்டாம் என்றாள். வாசலுக்கு வந்ததும் குனிய முடியவில்லை. ஓஸ்முன் மண்டியிட்டு அவள் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். இழுத்த இழுப்பில் ஒரு முடிச்சு இறுகிப்போனது.

"ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத" என்றாள் மேலேயிருந்து. "ஃபிரிட்ஜுல சிவப்பா ஒண்ணு தெரியுது எனக்கு. கடிகாரத்துக்குக் கீழயும் ஒண்ணு. நெஜமாவே இருக்கா, இல்ல எனக்கு மட்டும் தெரியுதா?"

"இருக்கு."

"சும்மா எனக்காகச் சொல்லாதப்பா."

அவள் குரலில் இருந்த கெஞ்சல்தான் அவனை உடைத்தது. அவன் நிமிரவில்லை. அவள் காலைப் பிடித்தபடியே, "ஒன் கண்ணு நல்லாத்தான் இருக்கு ரெய்துன். அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. குறிய நாந்தான் மாத்தினேன். அப்புறம் திரும்ப மாத்திட்டேன்" என்றான்.

அடுப்பில் பால் பொங்கியது. இங்யெர் இறக்கவில்லை.

"எதுக்கு?" என்றாள் ரெய்துன்.

"முல்த்தேக்கு."

எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்காததை அவள் கேட்டாள். "எங்க பறிச்ச?"

அவன் முணுமுணுத்தான்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

ஓஸ்முன் எழுந்து நின்று, கையில் பூட்ஸோடு நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, எந்தப் பாறைக்கு அப்பால், எந்த ஓடைக்கு மேலே என்று சொன்னான். ஜனங்கள் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போலத் தரையைப் பார்த்தார்கள். இங்யெர் மட்டும், "கல்யாணம் பண்ணி முப்பத்தஞ்சு வருஷம். ஊர்க்காரங்களோட சேத்து எனக்கும் இப்பத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டுத் தீய்ந்த பாலைத் தொட்டியில் ஊற்றினாள்.

"என் புத்தி போச்சுன்னு ரெண்டு வருஷம் நானே என்ன நம்பாம இருந்தேன்" என்றாள் ரெய்துன். "இடுப்பு போனது கூடப் போகட்டும்."

அவள் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி கூடத்தைத் தாண்டினாள். மறுபக்கப் படியில் கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி அவளுக்குப் பூட்ஸை மாட்டிவிட்டாள். கூட வரட்டுமா என்று ஓஸ்முன் கேட்டான். "எதுக்கு? வழி எனக்கே நல்லாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, ஊன்றுகோல்களை வேர்களுக்கிடையே பார்த்துப் பார்த்து வைத்து மேலே போனாள்.

எல்லாம் சொல்லியாகிவிட்டதே, பாதை பழைய இடத்துக்குப் போய்விடும் என்று சிலர் நினைத்தார்கள். போகவில்லை. புதிய வரைபடத்தில் அந்த வீட்டுக்குள்ளாகத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். போன வருடம் கூடத்துக்குத் தரை மாற்றிய தச்சர், யாரும் சொல்லாமலே, வேர்களுக்கு இடம் விட்டுப் பலகை அறுத்தார். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் சுமந்து போகிறார்கள். ஓஸ்முன் குழுத் தலைமையை விட்டுவிட்டான். வண்ண டப்பா இப்போது வேறு ஆளிடம் இருக்கிறது. முல்த்தே பருவத்தில் அவன் வீட்டிலேயே இருக்கிறான். யார் போனாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு வழி விடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெய்துன் நுழைந்தால் மட்டும் எழுந்து, அவள் மறுபக்கக் கதவைத் தாண்டும்வரை நிற்கிறான். உட்கார் என்று அவள் இன்னும் சொல்லவில்லை.